உட்கார ஒரு ஸ்டூல்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்கள் போன் பேசினால் தவறாமல் கேட்பது, "டீச்சர், நம்ம கேளம்பாக்கம் அடையாளமே தெரியலையாமே?" என்பதுதான். உண்மைதான். உப்பளமும் நெல்வயலுமாக இருந்த ஊர். திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் கடந்துபோன ஊர். தீபாவளிக்குத் துணி எடுக்க செங்கல்பட்டுக்கோ தி.நகருக்கோ போவோம். பிறகு சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்கா வந்தது. பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலை ஆகி, 2008இல் சிறுசேரி வரை ஆறு வழியானது. நாவலூர், படூர், தையூர் என்று அடுக்குமாடிகள் எழுந்தன. குடியிருப்பு வந்தால் கடை வராமல் இருக்குமா? நகைக்கடை, துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று இன்று சுற்றுவட்டாரமே இங்கேதான் வாங்குகிறது.

வயல் போனதே என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பிள்ளைகளைத்தான் நான் வகுப்பில் பார்த்தேன். முன்பெல்லாம் பிளஸ் டூ முடித்த பெண் கல்யாணம் வரை வீட்டில் இருப்பாள். இன்று ஷேர் ஆட்டோ ஏறினால் வேலை, மாதம் பிறந்தால் அவள் கையில் சம்பளம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் கவலை வேறு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி இப்போது ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால், சாப்பாட்டு நேரம் தவிர, இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். ஆள் வராத மத்தியான நேரத்தில் அலமாரியில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் சத்தம் போடுவாராம். "காலில் நரம்பு சுருண்டிருக்கு டீச்சர்" என்றாள். வயது முப்பதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்தால் அதற்குப் பெயர் தண்டனை. கடையில் அதுவே வேலையா?

இதற்குச் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டுடையது. 2021 செப்டம்பரில் அதற்குச் சட்டசபையில் ஒரு திருத்தம் நிறைவேறியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் கடையில் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018லேயே இப்படிச் செய்துவிட்டார்கள். அதுவும் சும்மா வரவில்லை; கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரர் கடைப் பெண்களைத் திரட்டிப் போராடினார். நம் ஊரில் 2010இல் 'அங்காடித் தெரு' படம் பார்த்துக் கண் கலங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டோம்.

"ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பார்" என்று முதலாளிகள் சொல்வதுண்டு. பேங்கில் கேஷியர் உட்கார்ந்துதான் பணம் தருகிறார். கல்லாவில் முதலாளியும் உட்கார்ந்துதான் இருக்கிறார். அதில் யாருக்கு மரியாதை குறைந்தது?

என் மாணவர்களில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கடை வாசலில் மாட்டும் லைட் போர்டுக்கு ஆகும் செலவில் எத்தனையோ ஸ்டூல் வாங்கலாம். கடைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "இந்தப் பொண்ணு உட்கார எதுவும் இல்லையா?" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் கேட்டால் வேலை போகலாம். நீங்கள் கேட்டால் ஒன்றும் போகாது.

ஊர் வளரட்டும், சந்தோஷம். அந்த வளர்ச்சியில் நம் பிள்ளைகளுக்கு உட்கார ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். ஸ்டூல் போட்டவர்கள் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்