மாட்டுக்கு நம்பர் கேட்கிறாங்க, சரி. மாடு வளர்க்கிறவங்களுக்கு என்ன கொடுப்பாங்க?



ஆம்பூரில் தைச்ச ஒரு ஜோடி ஷூவைக் கையில் எடுத்து, "இந்தத் தோல் எந்த ஊர் மாட்டோடது?"ன்னு கேட்டுப் பாருங்க. ஷூ கம்பெனிக்கு டேனரி பெயர் தெரியும். டேனரிக்கு மண்டிக்காரர் பெயர் தெரியும். மண்டிக்காரருக்கு லாரி எங்கிருந்து வந்ததுன்னு தெரியும். அதுக்கு முன்னாடி? சந்தை, தரகர், கசாப்புக் கூடம், மாடு கட்டியிருந்த கொட்டகை. அங்கே போனா பதில் சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கேள்வியை இப்போ ஐரோப்பா சட்டமாவே போட்டுடுச்சு. காடு அழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சட்டத்தில் ஏழு பொருட்கள் இருக்கு: மாடு, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம். மாட்டோடு சேர்ந்து மாட்டுத்தோலும் பட்டியலில் ஏறிடுச்சு. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழிச்ச நிலத்தில் அந்த மாடு வளரலைன்னு காட்டணும். மாடு இருந்த இடங்களோட ஜி.பி.எஸ். புள்ளியையும் கொடுக்கணும். 2024 டிசம்பரில் அமலாக வேண்டிய சட்டம் ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30, சிறிய கம்பெனிகளுக்கு 2027 ஜூன் 30 என்று தேதி வெச்சிருக்காங்க. ஆட்டுத்தோல் இதில் வராது. தைச்சு முடிச்ச ஷூவும் பட்டியலில் இல்லை. இந்தியாவை 'ஆபத்து குறைவான நாடு' வரிசையில்தான் வெச்சிருக்காங்க. ஆனாலும் இடத் தகவல் கேட்கிறது நிற்கலை. தேதி மாறலாம், பட்டியல் மாறலாம். பெரிய பிராண்டுகள் கேள்வி கேட்கிற பழக்கம் இனி மாறாது.

உடனே சிலர் "இது வெளிநாட்டுச் சதி"ன்னு ஃபார்வர்டு பண்றாங்க. நில்லுங்க. அமேசான் காடு அழியறதுக்கு மாட்டுப் பண்ணைதான் பெரிய காரணம். கேள்வி நியாயமானது. இதுக்கு முன்னாடியும் இப்படி கேள்வி வந்திருக்கு. 1990 வாக்கில், தோலில் பூஞ்சை பிடிக்காம இருக்கப் போடுற பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி தடை பண்ணுச்சு. 1994-ல் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்துச்சு. "ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை காலி"ன்னு அப்பவும் பேசினாங்க. காலியாகலை. 1948-ல் அடையாறில் தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று வழியும் பரிசோதனையும் கொடுத்தது, டேனரிகள் மாறிக்கிட்டாங்க. அரசு நிறுவனம் பக்கத்தில் நின்னா நம்ம ஆளுங்களால முடியும்.

இன்னொரு கூட்டம் "ஒரு ஆப் போட்டா முடிஞ்சது"ன்னு சொல்லுது. நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். ஆப் எழுதறது இதில் கடைசி வேலை. சிக்கல் வேற இடத்தில் இருக்கு.

முதல் சிக்கல், தோல் உரிக்கிற இடம். மாட்டுக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கு. 2019-ல் தொடங்கின கோமாரி தடுப்பூசித் திட்டத்தில் 12 இலக்க எண்ணோட காதுவில்லை போடுறாங்க. உங்க தெரு மாட்டுக் காதில் தொங்குற மஞ்சள் வில்லை அதுதான். 2019 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மட்டும் 95 லட்சம் மாடுகள். அதாவது டேட்டாவுக்கு அடித்தளம் இருக்கு. ஆனா வில்லை காதோட போயிடும், தோல் தனியா போயிடும். உப்பு, சுண்ணாம்பு, குரோம்னு எல்லாத்தையும் தாண்டி வர்ற தோலில் பேப்பர் லேபிள் நிக்காது. தோல் ஓரத்தில் எண்ணைத் துளையாக் குத்தணும். அதைச் செய்ய கசாப்புக் கூடத்தில் கருவியும் ஆளும் வேணும். அந்தச் செலவு யாரோடது?

ரெண்டாவது சிக்கல், படிவம். "பண்ணை எங்கே?"ன்னு கேட்டா, சாஃப்ட்வேர் எழுதுறவர் உடனே சர்வே எண்ணுக்கு ஒரு கட்டம் போட்டுடுவார். பேரணாம்பட்டு பக்கம் ஏரிக்கரையிலயும் புறம்போக்கிலயும் ஒத்தை மாட்டை மேய்ச்சுப் பிழைக்கிற அம்மாவுக்கு ஏது சர்வே எண்? நிலம் இருக்கிற வீட்டிலும் பட்டா பெரும்பாலும் ஆம்பளை பெயரில். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறதும் பால் கறக்கிறதும் வீட்டுப் பொம்பளைங்க. நில ஆவணத்தை வெச்சு விவசாயி அடையாள எண் கொடுக்கும்போதே நிலமில்லாதவங்களும் குத்தகைக்காரங்களும் வெளியே நிக்கிறாங்க. அதே தப்பு இங்கேயும் நடந்தா, "டேட்டா இல்லாத மாடு"ன்னு சொல்லி அந்த அம்மாவோட மாட்டுக்குத்தான் விலை குறைப்பாங்க.

மூணாவது சிக்கல், பயம். 2017 மே 23 ஞாபகம் இருக்கா? கால்நடைச் சந்தைக்கு ஒன்றிய அரசு புது விதி போட்டுச்சு. மாடு விக்கிறவர் பெயர், முகவரி, போட்டோ அடையாள அட்டையோட, "இறைச்சிக்கு விக்கலை"ன்னு எழுதிக் கொடுக்கணும்னு சொன்னாங்க. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுச்சு. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டிச்சது. பொய்கைச் சந்தைக்கு மாடு ஓட்டிட்டு வர்றவருக்கு அந்தப் படிவம் மறக்காது. பசுக் காவலர்னு சொல்லிக்கிட்டு லாரியை மறிக்கிற கும்பல் இருக்கிற நாட்டில், எந்த மாடு எந்தக் கொட்டகையில் இருந்து எந்தக் கூடத்துக்குப் போச்சுங்கிற பட்டியல் சாதாரணத் தரவு இல்லை. தப்பான கையில் சிக்கினா அது முகவரிப் பட்டியல்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? நம்ம பாலாறு நமக்குக் கத்துக்கொடுத்த பாடம் அது. ஏற்றுமதி லாபம் மேலே போகும், செலவு கீழே உருளும். வேலூர் குடிமக்கள் நலன் மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போச்சுங்கிற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. 'மாசு செஞ்சவரே பணம் கட்டணும்'னு இந்தியாவுக்கே வழிகாட்டின தீர்ப்பு அது. ஆனா 2025 ஜனவரி 30-ல் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது: பாக்கி இழப்பீட்டை அரசு உடனே கொடுக்கட்டும், மாசு செஞ்சவங்ககிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு. 28 வருஷம் கழிச்சும் பாக்கி! தோல் வெளிநாடு போச்சு, உப்பு நம்ம கிணத்தில் தங்கிடுச்சு.

அப்போ தண்ணியில் நடந்தது இப்போ டேட்டாவில் நடக்கக் கூடாது. பிராண்டு ஏற்றுமதியாளர் தலையில் கட்டும். ஏற்றுமதியாளர் டேனரி தலையில் கட்டுவார். ஜாப் ஒர்க் பண்ற சின்ன டேனரிக்காரர் மண்டியைக் கேட்பார். கடைசியில் ஒத்தை மாட்டுக்காரங்க தலையில் வந்து விடியும். அதனால இப்பவே நாலு கோரிக்கையைத் தெளிவா வைப்போம்.

1. காதுவில்லையும் பதிவும் கால்நடை மருந்தகம் வழியா, இலவசமா நடக்கணும். ஏற்கெனவே இருக்கிற 12 இலக்க எண்ணே போதும். தனியார் ஆப்புக்கு ரெண்டாவது வில்லை வேண்டாம். உருகுவே 2006-ல் சட்டம் போட்டு எல்லா மாட்டுக்கும் எண் கட்டாயமாக்கினப்போ, வில்லையை அரசே இலவசமா கொடுத்தது.

2. பதிவு மாடு வளர்க்கிறவங்க பெயரில் இருக்கணும். பட்டா கேட்கக் கூடாது. கொட்டகை இருக்கிற இடம் போதும்.

3. வெளிநாட்டுக்குப் போற கோப்பில் எண்ணும் இடமும் மட்டும் இருக்கட்டும். பெயர், போன் நம்பர், சாதி, மதம் எதுவும் போகக் கூடாது. 2023 தனிநபர் தரவுச் சட்டம் அரசுக்கு நிறைய விலக்கு கொடுத்திருக்கு. அதனால நீதிமன்ற உத்தரவு இல்லாம யாரும் இந்தப் பட்டியலைத் தொடக் கூடாதுன்னு தமிழ்நாட்டில் தனி விதி வேணும்.

4. டேனரியில் எண்ணை ஸ்கேன் பண்ணதும், வளர்த்தவங்க வங்கிக் கணக்குக்கு ஒரு தொகை ஏறணும். 'தடம் தெரிஞ்ச தோல்'னு கூடுதல் விலைக்கு விக்கிற பிராண்டு அதைக் கொடுக்கட்டும். அதே கோப்பில் டேனரி வெளியேத்துற கழிவுநீர் கணக்கும் சேரட்டும். மாட்டுக் கொட்டகைக்கு ஜி.பி.எஸ். கேட்கிறவங்க, பாலாற்றுக்கு என்ன போகுதுன்னும் பார்க்கட்டும்.

நாலுமே செய்ய முடிஞ்ச வேலைதான். துளைக் கருவிக்கும், சந்தை வாசலில் கைமாறும்போது எண்ணைப் பதியறதுக்கும் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். செலவை யார் தலையில் வைக்கிறதுங்கிற முடிவுதான் வேணும், அது அரசியல் முடிவு. அதனாலதான் இதைக் கட்சிப் பக்கத்தில் எழுதுறேன்.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கிராம சபையில் எழுந்து ரெண்டு கேள்வி கேளுங்க: "நம்ம ஊரில் எத்தனை மாட்டுக்கு வில்லை போட்டாச்சு? அந்த டேட்டா யார்கிட்ட இருக்கு?" வர்ற பதிலைக் கமென்ட்டில் போடுங்க, ஊர் வாரியாகத் தொகுப்போம். டேனரியிலயும் ஷூ கம்பெனியிலயும் வேலை பார்க்கிற நம்ம ஆளுங்களுக்கும் இதை அனுப்புங்க. அவங்க சம்பளமும் இந்த நம்பரில்தான் தொங்குது.

#நம்மமாடு_நம்மதரவு #பாலாறு