கிராஃபுக்குக் காசு கொடுக்கணுமா பாஸ்?

ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர்ஸ் கேக்குற முதல் கேள்வி, "எந்தக் கால்குலேட்டர் வாங்கணும்?" அடுத்ததா கண்ணு விரிய, "கிராஃப் போடுற மாடலே இருக்காமே?"

இருக்கு பாஸ். 1985-லேயே காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்தாச்சு. உலகின் முதல் கிராஃபிங் கால்குலேட்டர் அதுதான். அமெரிக்கப் பள்ளிகளில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-84 ரொம்ப சகஜம். ஆனால் அப்பாவிடம் காசு கேட்கும் முன் கொஞ்சம் யோசிங்க. அது புரோகிராம் எழுதி வைக்கக்கூடிய மெஷின். நம்ம செமஸ்டர் தேர்வு ஹாலுக்குள் அந்த வகைக்குப் பொதுவா அனுமதி கிடையாது. கேட் தேர்வுன்னா ஸ்கிரீனில் வரும் கால்குலேட்டர் மட்டும்தான். பல ஆயிரம் கொடுத்து வாங்கியது வாசலில் பைக்குள் தூங்கும்! கிராஃபைக் கண்ணால் பார்க்கணுமா? மொபைலில் ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் ரெண்டும் இலவசம்.

அப்போ எதை வாங்கலாம்? சீனியர் கொடுத்த பழைய 991எம்எஸ் இருந்தா அதுவே போதும். புதுசுன்னா 991இஎஸ் ப்ளஸ். பின்னம், ரூட் எல்லாம் புக்கில் இருப்பது மாதிரியே தெரியும். முக்கியமா, எம்எஸ்ஸில் இல்லாத டேபிள் மோடு இதில் உண்டு.

'எக்ஸ் க்யூப் மைனஸ் 3எக்ஸ் பிளஸ் 1' என்று டைப் செய்து, மைனஸ் 2 முதல் 2 வரை டேபிள் போடுங்க. மைனஸ் 1, 3, 1, மைனஸ் 1, 3 என்று வரும். மூணு இடத்தில் குறி மாறுதா? மூணு ரூட் எங்கெங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. புள்ளிகளைச் சேர்த்தா கிராஃபும் ரெடி!

இனி 'ஆன்ஸ்' பட்டன். முதலில் 0 போட்டு ஈக்வல். அடுத்து (ஆன்ஸ் க்யூப் + 1) ÷ 3. இப்போ ஈக்வலை மட்டும் தட்டிக்கிட்டே இருங்க. 0.333, 0.3457, 0.3471... போய் 0.3473-ல் நின்னுடும். நடுவில் இருந்த ரூட் சிக்கிடுச்சு! நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரில் இந்த ஒரு பட்டன் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிக்கும்னு போட்டுப் பாருங்க.

பிராக்கெட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 6÷2(1+2) என்று தட்டினால் சில மாடலில் 1, சில மாடலில் 9 வரும்.

ஹாலில் உட்கார்ந்ததும் முதல் வேலை, சைன் 30 தட்டுங்க. 0.5 வந்தால் டிகிரி. மைனஸ் 0.988 வந்தால் ரேடியன். சைன், காஸ் வரும் இன்டக்ரேஷனுக்கு ரேடியன்தான் வேணும். மோடு மாறினால் ஸ்டெப் எல்லாம் சரியா இருந்தும் விடை தப்பாகிடும்.

மெஷின் எதுவானாலும் சரி, பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புது மாடலுக்குத் தாவாதீங்க. விரலுக்குப் பழகின பட்டன்தான் மார்க் வாங்கித் தரும்!