மாண்டவர் மீளும் வாணிகம்

அமெரிக்கப் படக்கதை உலகில் சாவு ஒரு விற்பனைப் பொருள். இவ்வாறு கூறினால் சினம் கொள்வார் உளர். அப்படக்கதைகளை இளமையிற் படித்து வளர்ந்து, இன்று அவற்றை 'இக்காலப் புராணம்' எனப் போற்றி, வகுப்பறைக்குள்ளும் கொண்டுவர விழையும் கற்றவர்கள் அவர்கள். அவர்தம் அன்பு மெய்யானது. அவ்வன்பையே முதலாக வைத்து வாணிகம் செய்வோரின் போக்கைத்தான் ஈண்டு ஆராய வேண்டியுள்ளது.

1985ஆம் ஆண்டில் டிசி நிறுவனம் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்னும் தொடரைப் பன்னிரண்டு இதழ்களாக வெளியிடத் தொடங்கியது. மார்வ் வுல்ஃப்மன் எழுதினார். ஜார்ஜ் பெரெஸ் வரைந்தார். அந்நிறுவனத்தின் வீரர் அனைவரும் ஒரே கதையில் வந்து கூடினர். எண்ணற்ற உலகங்கள் அழிந்தன. ஏழாம் இதழில் சூப்பர்கேர்ள் மாண்டாள். எட்டாம் இதழில், மின்னலென ஓடவல்ல ஃபிளாஷ் ஆகிய பேரி ஆலன், பகைவனின் பெரும்பீரங்கியை அழிப்பதற்காக ஓடி ஓடியே உடல் தேய்ந்து மறைந்தான். எஞ்சியவை அவனுடைய உடையும் மோதிரமுமே. தங்கை முறையாகிய சூப்பர்கேர்ளின் உடலைக் கைகளில் ஏந்திச் சூப்பர்மேன் கதறும் அட்டைப்படத்தைப் பெரெஸ் வரைந்திருக்கும் திறம் பெரிது. அதனைக் கண்டு நெஞ்சு கலங்காத சிறுவர் அன்று இருந்திருக்க முடியாது.

கலங்கிய அந்நெஞ்சங்களுக்குக் கிடைத்தது யாது? மறு ஆண்டே, 1986இல், சூப்பர்மேனின் வரலாறு முதலிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. அப்புது வரலாற்றில் அவனுக்குச் சிற்றப்பன் மகள் என ஒருத்தி பிறந்திருக்கவே இல்லை. உலகைக் காக்க உயிர் ஈந்தவளை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவும் அவ்வுலகில் ஆள் இல்லாமற் போயிற்று. இறந்தவளுக்குப் பிறந்த பெருமையும் மறுக்கப்பட்டது. பின்னர் 2004இல் அதே பெயருடன் அவள் புதிதாக வந்து இறங்கினாள். பேரி ஆலனும் இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து 2008இல் ஓடி வந்தான்.

இத்தகைய பெருங்கூட்டுக் கதைகள் எழும் முறையை அறிந்தால் வியப்பு நீங்கும். திங்கள்தோறும் ஓர் இதழ் வாங்கும் வாசகரை ஐந்து இதழ் வாங்கச் செய்வதே அவற்றின் முதல் வேலை. வெவ்வேறு இதழ்களில் வாழும் வீரர்களை ஒரு போரில் சேர்த்துவிட்டால், ஒருவனை விரும்பும் வாசகர் மற்றவரையும் காசு கொடுத்துப் பின்தொடர வேண்டியவராகிறார். போட்டி நிறுவனமாகிய மார்வெல் 1984இல் தொடங்கிய 'சீக்ரெட் வார்ஸ்', மேட்டல் நிறுவனத்தின் பொம்மை விற்பனையோடு சேர்த்தே திட்டமிடப்பட்டது. 'இதன் பின் எதுவும் முன்போல் இராது' என்ற முழக்கம் ஒவ்வொரு பெரும்போருக்கும் தவறாமல் எழும். முழக்கத்துக்குச் சான்று காட்ட ஒரு பிணம் வேண்டும். ஆதலால் யாரேனும் ஒருவர் சாகிறார்.

1992ஆம் ஆண்டு நவம்பரில் சூப்பர்மேன் செத்த கதையை எடுத்துக்கொள்க. அவ்வாண்டு எழுத்தாளர்கள் எண்ணியிருந்தது அவனுடைய திருமணம். தொலைக்காட்சியிலும் சூப்பர்மேன் தொடர் ஒன்று வரவிருந்தமையால், மணவிழாவை இரண்டிலும் ஒருங்கே நடத்தலாம் எனக் கருதித் தள்ளிவைத்தனர். ஒழிந்து கிடந்த ஓராண்டை நிரப்பச் சாவு வந்தது! மாப்பிள்ளைக் கோலம் காணவேண்டியவன் பாடையேறினான். மணம் தள்ளிப்போனதைத் தவிர அவன் சாவுக்கு வேறு காரணம் இல்லை. எழுபத்தைந்தாம் இதழ் கருப்பு உறையிலிட்டு விற்கப்பட்டது. உறைக்குள் கையில் அணிந்துகொள்ளத் துக்கப் பட்டையும் இருந்தது. பின்னாளில் விலை ஏறும் என நம்பி, உறையைப் பிரிக்காமலே இரண்டு மூன்று படிகள் வாங்கிப் பூட்டி வைத்தோர் பலர். படிக்கப்படாத சாவு அது. அடுத்த ஆண்டிற்குள் சூப்பர்மேன் மீண்டான். 1996இல் மணமும் முடித்தான். பெட்டியில் உறங்கிய இதழ்களோ எண்ணிய விலைக்குப் போகவில்லை, ஏனெனில் அனைவர் பெட்டியிலும் அவை இருந்தன.

இதற்கெல்லாம் எழுத்தாளரைப் பழிப்பது முறையாகாது. வேர் வேறிடத்தில் உள்ளது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவரும் 1938இல் அவனை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அன்று முதல் அவன் நிறுவனத்தின் சொத்து. நிலபுலத்தை உடையவன் அதனைக் கொளுத்துவானோ? ஆண்டுதோறும் விளைச்சல் தரும் ஒருவனை மெய்யாகவே சாகவிட எந்த முதலாளிக்கும் மனம் வராது. படைத்தவனுக்கு முடிக்கும் உரிமை இல்லை. முடிக்கும் உரிமை உடையவனுக்கு முடிக்கும் எண்ணம் இல்லை. ஆர்தர் கோனன் டாயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்று, 1903இல் மீட்டதை இதற்கு ஒப்புக் காட்டுவார் உண்டு. டாயில் தம் சொந்தப் பிள்ளையையே கொன்றார், தாமே எழுப்பினார். கொன்றபோது மீட்கும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு கொல்லவில்லை. வேறுபாடு அதுவே.

இனி, 'புராணங்களிலும் மாண்டவர் எழவில்லையா?' என்னும் வினாவுக்கு வருவோர்க்கு விடை கூற வேண்டும். எழுந்தனர், உண்மைதான். கம்பன் காவியத்தில் அனுமன் மருத்து மலையைக் கொணர, பிரமாத்திரத்தால் வீழ்ந்த இலக்குவன் எழுகிறான். சிலப்பதிகாரத்தில் வெட்டுண்ட கோவலனே எழுகிறான்! தமிழாசிரியர் இவ்விடத்தை நன்கு அறிவர். கண்ணகி தழுவிக்கொள்ள, கோவலன் எழுந்து, வாடிய அவள் முகத்தைக் கண்டு, கண்ணீரைத் தன் கையால் துடைத்து, அவளை இருக்கச் சொல்லிவிட்டு விண்ணேகினான். அவ்வளவே. இளங்கோ விரும்பியிருந்தால் அவனை நிறுத்தி வைத்திருக்கலாம். மதுரையும் எரியாது, வஞ்சிக் காண்டமும் வேண்டாம். மீண்டவன் நொடிப்பொழுதில் மறுபடி போய்விடுவதனாலேயே அவன் சாவு முன்னினும் கொடியதாகிறது. கண்ணகி அடுத்து எடுத்து வைக்கும் அடி அரண்மனையை நோக்கியது. இலக்குவன் எழுந்ததாலும் போர் நின்றுவிடவில்லை. கதை ஓர் எல்லையை நோக்கியே சென்று முடிந்தது. அடுத்த திங்கள் விற்பனைக்கென்று கம்பன் அவனை வீழ்த்தி எழுப்பவில்லை. முடியும் கதைக்குள் நிகழும் மீட்சி வேறு; முடியக் கூடாது என்பதற்காகவே நிகழ்த்தப்படும் மீட்சி வேறு. பின்னதைப் புராணம் என்பது புராணத்தையும் அறியாமை, படக்கதையையும் அறியாமை.

சாவை வாசகரே தேர்ந்துகொள்ளும்படி விட்ட கூத்தும் நடந்தது. 1988இல், பேட்மேனின் இளந்துணைவனாகிய இரண்டாம் ராபின், ஜேசன் டாட், வெடிவிபத்தில் பிழைப்பதா மாள்வதா எனத் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினர். ஓர் அழைப்புக்கு ஐம்பது காசு. சாகட்டும் என்றோர் 5,343; வாழட்டும் என்றோர் 5,271. எழுபத்திரண்டு வாக்கு வேற்றுமையில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். கொடுமையெனினும் அதில் ஒரு நேர்மை இருந்தது. வாக்களித்தவர்க்குத் தாம் செய்தது இன்னது என்று தெரியும். 2005இல் அவனும் உயிருடன் வந்தான். எவ்வாறு எனின், வேறோர் உலகத்துச் சூப்பர்பாய் சினங்கொண்டு மெய்ம்மையின் சுவரில் ஓங்கிக் குத்தியபோது, அவ்வதிர்ச்சியில் கல்லறையில் இருந்தவன் கண் விழித்தானாம். இவ்விளக்கத்தை மாணவன் ஒருவன் கட்டுரைச் சுவடியில் எழுதியிருந்தால் சிவப்பு மை தீர்ந்து போயிருக்கும். யார் மீண்டாலும் இவர் மட்டும் மீளார் எனப் படக்கதை வாசகர் மூன்று பெயர் கூறுவது வழக்கம்: ஸ்பைடர்மேனின் பெரியவர் பென், ஜேசன் டாட், கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி. அதே 2005இல் பக்கியும் மீண்டான். பாவம், பென் ஒருவரே கல்லறையில் தனித்துக் கிடக்கிறார்.

மீட்சியால் யாருக்கும் தீங்கில்லையே, அன்புக்குரியவர் திரும்பினால் மகிழ வேண்டியதுதானே என்பார்க்கு இரண்டு கதைகள் உண்டு. ஒன்றைச் சுருங்கச் சொல்லலாம். எக்ஸ்மென் குழுவின் ஜீன் கிரே 1980இல் மாண்டாள். மக்கள் வாழும் உலகம் ஒன்றையே எரித்தவள் தண்டனையின்றி வாழலாகாது எனத் தலைமைப் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர் வற்புறுத்தியதால் வந்த முடிவு அது. குற்றத்துக்கு ஈடாக உயிர் தந்த அச்சாவு அறத்தின்பாற்பட்டது. 1986இல், இறந்தவள் அவள் அல்லள், அவள் வடிவில் வந்த ஓர் ஆற்றல் என்று கூறி அவளைக் கடலடியிலிருந்து எடுத்தனர். அறம் கரைந்தது, அதுமட்டுமா? அவளுடைய பழைய காதலன் சைக்ளாப்ஸ், மணந்த மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு அவளை நாடிச் சென்றான். புது இதழ் ஒன்றுக்குப் பழைய ஐவரும் தேவைப்பட்டனர். ஒரு குடும்பம் பலியாயிற்று.

மற்றொன்று ஆசிரியப் பணியில் இருப்போர் நின்று எண்ண வேண்டிய கதை. பேரி ஆலனுக்கு ஒரு மாணாக்கன் இருந்தான். மனைவியின் உடன்பிறந்தான் மகன், வாலி வெஸ்ட். 1959இல் சிறுவனாக வந்தவன். 1986இல் ஆசான் மாண்டபின் அவ்வுடையை அவன் எடுத்து அணிந்தான். அதற்கு முன் எத்தனையோ இளந்துணைவர் படக்கதைகளில் இருந்தனர். அவர்களுள் வளர உரிமை பெற்றோர் அரியர். வாலி வளர்ந்தான். 'அவருக்கு ஈடாவேனா' என்னும் ஐயத்தோடு ஓடத் தொடங்கினான், தடுமாறினான், மணந்தான், இரு மக்களுக்குத் தந்தையானான். 1993இல் மார்க் வெய்ட் எழுதிய கதையொன்றில் பேரி ஆலன் எனச் சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து நிற்கிறான். வாலிக்குள் உவகையும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. வந்தவன் போலி எனத் தெளிந்து அவனை வெல்லும்போதுதான், ஆசானின் இடத்தைப் பறித்துவிட்டோமோ என்ற அச்சம் அவனைவிட்டு நீங்குகிறது. ஆசானையும் விஞ்சி ஓடுகிறான். ஒரு மாணாக்கன் முழு ஆளாகும் அந்நொடியை இத்துணை அழகாகக் காட்டிய படக்கதை வேறு அரிது.

பதினைந்து ஆண்டு கழித்து மெய்யான பேரியே வந்துவிட்டான். வந்தவனுக்குத் தலைமையிடம் கொடுத்தாக வேண்டும். வாலி பின்னுக்குத் தள்ளப்பட்டான். 2011இல் டிசி தன் கதையுலகை மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது, வாசகர் அறிந்த வாலி எந்த ஏட்டிலும் இல்லை. மனைவி இல்லை, மக்கள் இல்லை. 2016இல் அவன் திரும்பி வந்து மனைவியின்முன் நின்றபோது அவளுக்கு அவனைத் தெரியவில்லை. கால் நூற்றாண்டு அவனோடு வளர்ந்த வாசகர்க்கு நிறுவனம் கூறிய செய்தி இதுதான்: நீங்கள் கண்ட வளர்ச்சி இடைக்கால ஏற்பாடு, உரியவர் வந்துவிட்டார், இடத்தை விடுங்கள். மாண்ட ஆசானை எழுப்பியதற்கு விலையாக வாழும் மாணவன் கொடுக்கப்பட்டான். ஒரு பள்ளியில் இப்படி நடந்தால் அதனை எவரும் மகிழ்ச்சி எனக் கொண்டாடுவரோ?

திரைப்படம் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பிவிட்டது. 2018இல் வந்த மார்வெல் படத்தின் இறுதியில் உயிர்களில் பாதி துகளாகி மறைய, ஸ்பைடர்மேனும் மறைந்தான். சிறுவர் அழுதனர். அவனுடைய அடுத்த படம் திரைக்கு வரும் நாளோ முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 2019இல் அயர்ன்மேன் ஆகிய டோனி ஸ்டார்க் மாண்டதேனும் நிலைக்கும் என்றனர். 2024இல் அதே நடிகர் வேறொரு வேடத்தில் அத்தொடருக்குத் திரும்புவதாக அறிவித்தனர். சிறுவர் எழுதும் கதைகளில் இறந்தவன் இறுதி வரியில் கண் விழிப்பதும், எல்லாம் கனவாய் முடிவதும் ஆசிரியர் எவர்க்கும் புதிதல்ல. இழப்பை எழுதத் துணிவில்லாதபோது குழந்தை அங்கே ஒதுங்குகிறது. அத்துணிவை ஊட்ட வேண்டிய கதைகளே ஒதுங்கும் இடமாக இருந்தால் குழந்தை எங்கே கற்கும்?

படக்கதையால் இயலாது என்பதும் பொய். 1982இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி வரைந்த 'தி டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்' என்னும் நூலில், மார்வெல் என்னும் வீரனைப் புற்றுநோய் பற்றுகிறது. எந்தப் பகைவனும் அவனைக் கொல்லவில்லை. அண்டங்களைக் கடக்கும் அறிவியல் வல்லாரெல்லாம் கூடியும் மருந்து காண இயலவில்லை. இத்தனை நாள் ஏன் இந்நோய்க்கு மருந்து தேடவில்லை என்று அவன் இளந்தோழன் அவர்களைப் பார்த்துக் குமுறுகிறான். வாழ்நாளெல்லாம் அவனோடு போரிட்ட பகை இனத்தார் அவன் படுக்கைக்கே ஆளனுப்பி வீரப்பதக்கம் அளிக்கின்றனர். அவன் படுக்கையிலேயே, நண்பர் சூழ, இறக்கிறான். பின்னாளில் அவன் பெயரால் போலிகளும் குறுகிய மீள்வரவுகளும் வந்தன. ஆயினும் அச்சாவு அழியவில்லை. தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மகன் எழுதிய நூல் அது.

பள்ளி நூலகத்துக்குப் படக்கதை வாங்கும் பொறுப்புடைய ஆசிரியர், பன்னிரண்டு பாகப் பெரும்போர்களை அடுக்குவதற்கு முன், அந்த ஒரு நூலைத் தேடி வாங்கட்டும். அதனை வகுப்பில் வைத்து, ஊர்சூழ்வரியோடு சேர்த்துப் படிப்பிக்க ஒரு வாரம் போதும்.