வயது எத்தனையோ, டிக்கெட் விலையும் அத்தனை!

எட்டு வயதுச் சிறுவனா? டிக்கெட் விலை 8 பவுண்டு.

பன்னிரண்டு வயதுச் சிறுமியா? 12 பவுண்டு.

அறுபது வயதைத் தாண்டிய தாத்தாவா? அவருக்கு 16 பவுண்டுதான்!

இப்படி ஒரு விலைப்பட்டியல் லண்டன் நகரில் போடப்பட்டது. 2012-ம் ஆண்டில் அங்கு நடந்த ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிக்குத்தான் இந்த ஏற்பாடு.

இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இந்தச் சலுகை இருந்தது. 16 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகள் தங்கள் வயது எத்தனையோ, அத்தனை பவுண்டு கொடுத்தால் போதும். ஒரு பவுண்டு என்பது அந்த ஆண்டில் 80 ரூபாய்க்குச் சற்று அதிகம்.

அதே லண்டனில், அதே போட்டியின் தொடக்க விழாவைப் பார்க்க மிக உயர்ந்த டிக்கெட் என்ன விலை தெரியுமா?

2,012 பவுண்டு! மிகக் குறைந்த டிக்கெட் 20 பவுண்டு 12 பென்சு. ஆண்டின் எண்ணையே விலையாக வைத்துவிட்டார்கள். ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள் அல்லவா?

இது தர்மமா, வியாபாரமா? இரண்டும்தான்.

காலி நாற்காலி

கீரை விற்கிறவர், மாலையில் வாடிய கீரையைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். ஆட்டம் முடிந்த பிறகு காலி நாற்காலியை யாரிடம் விற்பது? அதன் விலை அந்த நிமிடமே பூஜ்யமாகிவிடுகிறது.

ஆகவே டிக்கெட் விற்கிறவர்களுக்கு இரண்டு கவலைகள். இடம் காலியாக இருக்கக்கூடாது. அதிகம் கொடுக்கக் கூடியவரிடம் குறைவாக வாங்கிவிடவும் கூடாது.

இந்த இரண்டு கவலைக்கும் ஒரே மருந்து, ரசிகர்களை வகை பிரிப்பது. டூரிங் டாக்கீஸ் நாளிலேயே இது உண்டு. தரை, பெஞ்சு, நாற்காலி என்று இடத்தைப் பிரித்தார்கள். யாருக்கு எது முடியுமோ அதில் உட்கார்ந்தார்கள். இப்போது இடத்தை மட்டும் பிரிப்பதில்லை. ஆளையே பிரிக்கிறார்கள்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

ஒருவர் டிக்கெட் வாங்கும்போது பல விவரங்கள் பதிவாகின்றன. எந்த நிகழ்ச்சி? எத்தனை டிக்கெட்? என்ன விலை? எத்தனை நாள் முன்னதாக வாங்கினார்? எந்த ஊரிலிருந்து வருகிறார்?

இந்த விவரங்களை அடுக்கிப் பார்த்தால் வகைகள் தாமே தெரிய வரும்.

நான்கு டிக்கெட் வாங்கி, அதில் இரண்டு பிள்ளைகள் டிக்கெட் என்றால் அது ஒரு குடும்பம். அவர்களுக்குப் பகல் ஆட்டம் வசதி. விலை முக்கியம்.

ஆண்டுதோறும் தவறாமல் வருகிறவர் ஒரு வகை. அவருக்கு முதல் தகவல் போக வேண்டும். நல்ல இடமாகக் கொடுத்தால் போதும், வருவார்.

கடைசி நாளில் ஓடி வந்து வாங்குகிறவர் இன்னொரு வகை. அவருக்கு மூன்று மாதம் முன்பே கடிதம் போட்டுப் பயன் இல்லை.

ஒரே ஒரு முறை வந்து, பிறகு எட்டிப் பார்க்காதவரும் உண்டு. அவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பதே பெரிய லாபம்.

எல்லோருக்கும் ஒரே நோட்டீசு கொடுத்தால் பாதிப்பேர் படிக்க மாட்டார்கள். அவரவருக்கு வேண்டியதைச் சொன்னால் படிப்பார்கள். சூட்சுமம் இவ்வளவுதான்.

ஏமாந்த 12 லட்சம் பேர்

லண்டன் ஒலிம்பிக் டிக்கெட்டுக்கு 2011-ம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் விண்ணப்பங்கள் வாங்கப்பட்டன. விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 19 லட்சம் பேர். அவர்கள் கேட்ட டிக்கெட்டுகள் 2 கோடிக்கு மேல். பொதுமக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதோ 66 லட்சம்தான்!

கூட்டம் அதிகமான ஆட்டங்களுக்குக் குலுக்கல் நடந்தது. சுமார் 12 லட்சம் பேர் வெறுங்கையோடு நின்றார்கள். டிக்கெட் கிடைத்தவர்களிடமும் மனக்குறை இருந்தது. முதலில் பணம் பிடிக்கப்பட்டது. எந்த ஆட்டத்துக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கேதான் வகை பிரித்தல் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜூன் மாதத்தில் இரண்டாவது விற்பனை தொடங்கியபோது, முதல் வாய்ப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டது? ஒன்றும் கிடைக்காத அந்த 12 லட்சம் பேருக்கு!

யார் ஏமாந்தவர் என்ற பட்டியல் கையில் இருந்தது. அதை வைத்து அவர்களைத் தேடிப்போய்க் கூப்பிட்டார்கள். வருத்தம் முழுவதும் தீரவில்லை. ஆனாலும் பலருடைய கைக்கு டிக்கெட் வந்தது.

ஒலிம்பிக்கைத் தொடர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகள் நடந்தன. அதற்கு 5 பவுண்டு முதலே டிக்கெட் உண்டு. டிக்கெட்டுகளில் பாதி 10 பவுண்டு அல்லது அதற்குக் குறைவு. குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். சுமார் 27 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. அந்தப் போட்டிகளுக்கு அதற்கு முன் அவ்வளவு டிக்கெட் விற்றதே இல்லை.

காலியாகக் கிடந்த நல்ல இடங்கள்

ஒலிம்பிக் தொடங்கிய முதல் நாட்களில் ஒரு வெட்கக்கேடும் நடந்தது. டிக்கெட் இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் வெளியே. உள்ளேயோ, மிக நல்ல இடங்களில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்! டெலிவிஷனில் உலகமே பார்த்தது.

அந்த இடங்களில் பெரும்பாலானவை விளையாட்டுச் சங்க அதிகாரிகள் முதலியோருக்கு ஒதுக்கப்பட்டவை. அவர்கள் வரவில்லை. ராணுவ வீரர்களையும், ஆசிரியர்களையும், மாணவர்களையும் அழைத்து உட்கார வைத்தார்கள். திரும்பி வந்த டிக்கெட்டுகளை மறுபடியும் மக்களுக்கு விற்றார்கள்.

காசு கொடுத்து வருகிறவரை அத்தனை வகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். காசு கொடுக்காமல் வருகிறவர் வருவாரா மாட்டாரா என்று யாரும் ஆராயவில்லை. தவறு அங்கேதான்.

மறுபக்கம்

வகை பிரிப்பது எப்போதும் நன்மைக்கே பயன்படும் என்று சொல்ல முடியாது.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. இங்கிலாந்தில் ஓயாசிஸ் என்ற பாட்டுக் குழுவின் கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்பனை நடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழு ஒன்று சேர்ந்திருந்தது. ரசிகர்கள் கம்ப்யூட்டரின் முன் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நின்று பார்க்கும் டிக்கெட் சுமார் 150 பவுண்டு என்று நினைத்தவர்கள், தங்கள் முறை வந்ததும் திடுக்கிட்டார்கள். விலை 350 பவுண்டுக்கு மேல்!

அரசாங்கத்தின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பு விசாரணை நடத்தியது. குறைந்த விலை டிக்கெட்டுகளை முதலில் விற்றுவிட்டு, அதே இடத்துக்குக் கூடுதல் விலை டிக்கெட்டுகளைப் பிறகு வெளியிட்டது தெரிய வந்தது. காத்திருந்தவர்களுக்கு இது சரியாகச் சொல்லப்படவில்லை என்பதே அமைப்பின் குற்றச்சாட்டு.

ஆசை அதிகம் உள்ளவர் யார் என்று அறிவது ஒரு வித்தை. அந்த ஆசையையே கத்தியாக்கி அவருடைய பையை அறுப்பது அநியாயம்.

எது நியாயம்?

விருந்தில் இலையைப் பார்த்துப் பரிமாறுவது உண்டு. குழந்தையின் இலையில் காரம் குறைவாக வைப்பார்கள். யாரும் குறை சொல்வதில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடைக்காரரையோ ஊரே ஏசும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? முதலாவது எல்லோர் கண் முன்னே நடக்கிறது. இரண்டாவது மறைவில் நடக்கிறது.

லண்டனின் வயது விலை, முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த விலை. பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒன்றுதான். பக்கத்து இடத்துக்காரர் குறைவாகக் கொடுத்தாரே என்று யாரும் பொறாமைப்படவில்லை. வரிசையின் முடிவில் விலையை மாற்றுவது அப்படி அல்ல.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிக்கெட் வாங்கும்போது கொடுக்கும் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் வாங்குகிறவருக்குச் சொந்தம். கடைக்காரர் அவற்றை இஷ்டம்போல் பயன்படுத்தக்கூடாது. ஐரோப்பாவில் 2018-ம் ஆண்டு மே 25-ந் தேதி முதல் இதற்குக் கடுமையான சட்டம் அமுலில் இருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அனுப்புவதை நிறுத்தியே ஆக வேண்டும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ரசிகர்களை வகை பிரிக்கட்டும். யாருக்கு எது பிடிக்கும் என்று அறியட்டும். ஆனால் விலை எத்தனை, எத்தனை டிக்கெட் எந்த விலையில், எவருக்குச் சலுகை என்பதை விற்பனை தொடங்கும் முன்பே வெளியே எழுதி ஒட்ட வேண்டும். கேட்ட விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முன்பு இடம் கிடைக்காமல் திரும்பியவரை அடுத்த முறை முதலில் கூப்பிட வேண்டும்.

வாங்குகிறவர்களும் சற்று விழிப்பாக இருப்பது நல்லது. பணம் கட்டும் முன் முழு விலையைப் பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் விவரம் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

லண்டனில் 8 பவுண்டு கொடுத்துப் போட்டி பார்த்த சிறுவனுக்கு இன்று 20 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவன் இப்போது முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்கும் ரசிகன். குறைந்த விலைக்கு விற்ற அந்த ஓர் இடம் நஷ்டக் கணக்கா? டிக்கெட் விற்கிறவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்!