மழைக்கும் பனிக்கும் முன்னே வண்டியைப் பாருங்கள்



திருவருகைக் காலம் நெருங்கும்போதே நம் இல்லங்களில் வேலை தொடங்கிவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், பரணிலிருந்து குடில் சொரூபங்களை இறக்கித் தூசி தட்டுகிறோம், வாசலில் நட்சத்திரம் கட்டுகிறோம், பிள்ளைகளின் புத்தாடைக்குத் துணி எடுக்கிறோம். இத்தனைக்கும் நாள் ஒதுக்கும் நாம், ஆண்டு முழுவதும் நம்மைச் சுமந்து திரியும் வண்டியை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஓடுகிறது, ஆகவே நன்றாக இருக்கிறது என்பது நம் எண்ணம். ஓடுவது வேறு, வேண்டிய இடத்தில் நிற்பது வேறு. இவ்வேறுபாட்டை ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் நமக்கு உணர்த்துகின்றன. சில இல்லங்களில் மிகவும் தாமதமாக உணர்த்துகின்றன.

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் ஒரு சட்டம் உண்டு. டிசம்பர் 1-ஆம் நாள் முதல் மார்ச் 15-ஆம் நாள் வரை, அங்கே பதிவு செய்யப்பட்ட கார்கள் யாவும் குளிர்காலத்திற்கென்றே செய்யப்பட்ட டயர்களைப் பூட்டியிருக்க வேண்டும். மான்றியல் நகரில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களும் நவம்பர் மாதம் பிறந்தவுடன் பட்டறை வாசலில் காத்து நின்று டயர் மாற்றிக்கொள்கின்றன. திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ உறைபனி விழுவதில்லை. ஆகவே நமக்கு இத்தகைய ஆயத்தம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நமக்கும் குளிர்காலம் உண்டு. அது பனிக்கட்டியாக வருவதில்லை. முதலில் மழையாகவும், பின்னர் வெள்ளமாகவும், இறுதியில் மூடுபனியாகவும் மூன்று முகங்காட்டி வருகிறது.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே கொணர்கிறது. மழை ஓய்ந்து வானம் தெளிந்தபின், ஈரம் ஊறிய மண் இரவில் விரைவாகக் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றிலுள்ள ஈரத்தை மூடுபனியாக மாற்றுகிறது. ஏரிகளும் வயல்களும் ஆற்றுப் படுகைகளும் நிறைந்த நம் மாவட்டத்தில் இதற்குக் குறைவில்லை. செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று நீளும் சென்னை – கல்கத்தா நெடுஞ்சாலையில் விடியற்காலையில் சென்றவர்கள் அதனை நன்கு அறிவர். அதே வேளையில்தான் இரவு வேலை முடிந்தவர்கள் சிப்காட் வளாகத்திலிருந்து வீடு திரும்புகிறார்கள். காலை வேலைக்குரியவர்கள் எதிர்த்திசையில் விரைகிறார்கள். கண்ணுக்கு வழி தெரியாத வேளையும், உடல் களைத்த வேளையும், சாலை நெரிந்த வேளையும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நம் பங்குகளில் பெரும்பாலான குடும்பங்களின் வண்டியும் அதுவே. ஆகவே இம்மாதம் வண்டியைப் பற்றியே பேசுவோம்.

முதலில் டயர். தரையைத் தொடுவது அது ஒன்றே. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. சக்கரத்தின் அடியில் சேரும் மழைநீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. பள்ளம் தேய்ந்துவிட்டால் நீர் வெளியேற வழியின்றித் தங்கும். வேகம் கூடும்போது டயர் தரையை விட்டெழுந்து நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக்கை அழுத்தினாலும் நிற்காது. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதனை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

அடுத்து, டயரின் காற்று. வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் கார் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். சித்திரை வெயிலில் நிரப்பிய காற்றை மார்கழிவரை நம்பியிருப்பது சரியன்று. வண்டி ஓடிச் சூடேறுமுன், காலை வேளையில் காற்றைச் சோதிப்பதே முறை. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் சாலையை நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்குவதால் நீரைத் தள்ளும் ஆற்றல் குறைந்து, வண்டி வழுக்குவதற்கே அது துணை செய்யும். உற்பத்தியாளர் குறித்துள்ள அளவே சரியான அளவு.

பிரேக் பற்றி ஒரு செய்தி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையது. நாளடைவில் அதில் நீர் சேர்ந்துவிட்டால், தொடர்ந்து அழுத்தும்போது எழும் சூட்டில் அந்நீர் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். நீரைக் கடந்து வந்தபின் பிரேக் பிடிக்காமல் நழுவுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவ்வேளையில் மெதுவாகச் சென்று, பிரேக்கை இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்தி உலர்த்திக்கொண்ட பின்னரே வேகமெடுக்க வேண்டும்.

இனி, பார்ப்பதும் பார்க்கப்படுவதும். மழை பெய்யும்போது முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரை இன்று எளிய பொருளாக எண்ணுகிறோம். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, நியூயார்க்கில் ட்ராம் வண்டி ஓட்டுநர் ஒருவர் குளிரில் கண்ணாடி வழியே பார்க்க இயலாமல் அல்லற்படுவதைக் கண்டு அதற்கொரு வழி சிந்தித்தார். 1903-ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். அவர் கண்ட கருவியின் உயிர் அதிலுள்ள ரப்பரில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த ரப்பர் காய்ந்து விறைத்து, முதல் மழையன்று கண்ணாடியில் கோடு போடுகிறதேயன்றித் துடைப்பதில்லை. மழைக்கு முன்னே அதனை மாற்றிவிடுங்கள், செலவு சிறிது.

பாட்டரியின் கதையும் அத்தகையதே. குளிர்நாடுகளில் பாட்டரியைக் குளிர் முடக்குகிறது; நம் நாட்டில் அதனை வெயிலே தின்றுவிடுகிறது. ஆயினும் விளக்கும் வைப்பரும் காற்றாடியும் ஒருங்கே இயங்கும் மழை இரவில்தான் அதன் நலிவு வெளிப்படுகிறது. முனைகளில் படிந்த வெண்பச்சைப் பூச்சைத் துடைத்து, வாசலைன் தடவி, இறுக்கமாகப் பூட்டச் செய்யுங்கள். முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு யாவும் எரிகின்றனவா என்று பிள்ளைகளை வண்டியின் பின்னே நிறுத்திச் சோதியுங்கள். அவர்கள் அதனை விளையாட்டாகவே செய்வார்கள். வாழ்நாள் பழக்கமாகவும் கற்றுக்கொள்வார்கள்.

மூடுபனியில் பெரிய வெளிச்சம் போட்டால் நன்றாகத் தெரியும் என்பது பலரின் எண்ணம். நுண்ணிய நீர்த்துளிகள் அவ்வொளியைச் சிதறடித்து ஓட்டுபவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடுகிறது. விளக்கைத் தாழ்த்தி வைப்பதே முறை. வேகத்திற்கும் ஓர் எளிய கணக்குண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுமுன்னரே அத்தூரம் போய்விடும். ஈரச்சாலையில் அதன்பின் வண்டி நிற்க மேலும் அறுபது மீட்டர் அளவில் வேண்டும். கண்ணுக்கு ஐம்பது மீட்டரே தெரியும் பனியில் இவ்வேகத்தில் செல்பவர், சாலையோரம் விளக்கின்றி நிற்கும் லாரியைக் கண்டாலும் நிறுத்த இயலாது. வேகத்தை 40-ஆகக் குறைத்தால் முப்பது மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். கண்ணுக்கு எட்டிய தூரத்திற்குள் நிற்கக்கூடிய வேகமே பனிக்கால வேகம்.

பனியைக் குறித்துப் பேசும்போது போகியையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் போகியன்று எழுந்த புகை பனியோடு கலந்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க இயலாமல் தத்தளித்தன. கழற்றிய பழைய டயரைத் தெருவில் கொளுத்தும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உள்ளது. நம் வண்டியைச் சீர்செய்யும் பணியில் அயலானின் வழியை மறைக்கலாகாது. பழைய டயரைக் கடையிலேயே விட்டு வாருங்கள்.

வெள்ளத்தைக் குறித்து நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நம் மாவட்டம் மறக்கவில்லை. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி நீர் திறக்கப்படும்போது கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்குவது நமக்குப் பழகிய காட்சி. பழக்கமே இங்கு பகையாகிறது. நாள்தோறும் கடக்கும் பாலம்தானே என்று இறங்குபவர், நீரின் அடியில் பாலம் அப்படியே இருக்கிறதா என்பதை அறியார். ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும்; இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும். தேங்கிய நீரில் என்ஜின் அணைந்துவிட்டால் மீண்டும் கிளப்ப முயலாதீர்கள். உட்புகுந்த நீர் என்ஜினையே உடைத்துவிடும். தள்ளி மேட்டில் ஏற்றி மெக்கானிக்கை அழையுங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் சென்னை மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தியதைச் சிலர் நகைத்தனர். முன்னர்ப் பட்டவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது என்றே நாம் கருதுகிறோம்.

இருசக்கர வண்டியில் செல்லும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். நீண்ட வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் தூறலே மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு குழைந்து மெழுகுபோல் ஆகிவிடுகின்றன. பின்னிருக்கையில் அமர்ந்து குடை பிடிப்பது வேண்டாம். காற்று குடையை இழுக்கும்போது வண்டியையும் சேர்த்து இழுக்கும். மழைக்கோட்டின் முனையும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குத் தந்தையும் தாயும் மூன்று பிள்ளைகளுமாக ஒரே ஸ்கூட்டரில் பனியில் வரும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் பக்தியை நாம் மதிக்கிறோம். எனினும், இரண்டு நடையாக வாருங்கள், அல்லது அண்டை வீட்டாருடன் ஆட்டோ பேசி வாருங்கள் என்றே வேண்டுகிறோம். சிறிது தாமதமானால் ஆலயக் கதவு மூடப்படுவதில்லை.

இறுதியாக, சொல்லாமல் விட இயலாத ஒன்று. சொந்த வண்டியின் டயரை மாற்றுவதற்கு நமக்கு அதிகாரம் உண்டு. வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்த வேனை ஓட்டுபவருக்கோ சரக்கு லாரி ஓட்டுநருக்கோ அவ்வதிகாரம் இல்லை. டயர் தேய்ந்துவிட்டது என்று அவர் சொன்னால், இந்த ஒரு மாதம் ஓட்டு என்று விடை வருகிறது. மறுத்துப் பேசினால் நாளை வேறொருவர் அந்த இருக்கையில் இருப்பார். விபத்து நேர்ந்தாலோ வழக்கு ஓட்டுநர்மேல். இழப்பு பயணிகளின் வீட்டில். வண்டி வைத்திருப்போரும், ஒப்பந்தம் எடுத்திருப்போரும், ஆலைகளில் பொறுப்பு வகிப்போரும் நம் வாசகர்களில் உள்ளனர். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். டயர் சரியில்லை என்று ஓட்டுநர் சொல்லும் நாளில் வண்டியை நிறுத்துங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். ஒரு டயரின் விலை உங்களுக்கு ஒரு நாள் கணக்கு. அந்த வேனில் பதினைந்து குடும்பங்களின் சோறு போய்வருகிறது.

பங்குகளுக்கும் ஒரு யோசனை கூறுகிறோம். நம் மக்களிடையே மெக்கானிக்குகளும் பஞ்சர் கடைக்காரர்களும் பலர் உள்ளனர். நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் அவர்கள் ஒரு மணி நேரம் அமர்ந்து, வரும் வண்டிகளின் டயர், பிரேக், விளக்கு ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லலாம். மதம் பாராது ஊராரையும் அழைக்கலாம். டயர் மாற்ற இயலாத ஏழைக் குடும்பத்திற்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் கைகொடுத்தால், அது விதவைக்குப் பின்னாளில் கொடுக்கும் உதவியைவிட மேலானது.

சாலையில் எவரேனும் விழுந்து கிடக்கக் கண்டால் 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை உடனிருங்கள். உதவி செய்தவரைத் தொல்லைப்படுத்தலாகாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காப்பளிக்கிறது. நல்ல சமாரியர் என்ற பெயரையே அச்சட்டமும் அவருக்குச் சூட்டியுள்ளது.

இந்தச் சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியைத் துடைப்பதோடு நின்றுவிடாமல், குனிந்து டயரைத் தொட்டுப் பாருங்கள்.