‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’: அதிபர்களின் மனைவிகளும் அவர்களுக்குத் துணி தைத்தவர்களும்

அமெரிக்காவில் சியனா கல்லூரியின் ஆய்வு நிறுவனம் 1982 முதல் அவ்வப்போது ஒரு கணிப்பு நடத்துகிறது. வரலாற்றாய்வாளர்களையும் அரசியல் அறிஞர்களையும் அதிபர்களின் மனைவிகளுக்கு மதிப்பெண் போடச் சொல்லித் தரவரிசை வெளியிடுகிறார்கள். 2014 வரை நடந்த ஐந்து கணிப்புகளிலும் எலினார் ரூஸ்வெல்ட்டுக்குத்தான் முதலிடம். அறிவு, துணிச்சல், நேர்மை, நாட்டுக்கு ஆற்றிய பங்கு என்று நீளும் அளவுகோல்களில் ஒன்று என்னை நிறுத்தியது. வெள்ளை மாளிகையைப் பராமரித்த திறனுக்கும் மதிப்பெண் உண்டாம்.

வீட்டைப் பராமரிப்பது என்றால் என்ன? அதிபரின் மனைவி தரையைத் துடைக்கவில்லை, சமைக்கவில்லை, தன் உடையைக்கூடத் தானே தைக்கவில்லை. அதையெல்லாம் செய்தவர்களை அவர் மேய்த்தார். அப்படியானால் அந்த மதிப்பெண்ணை அங்கே வேலை செய்தவர்கள் அல்லவா போட வேண்டும்? வீட்டுவேலை உழைப்பைப் பற்றி ஆய்வு செய்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி எளிதில் விடவில்லை.

‘முதல் பெண்மணி’ பற்றி எழுதப்படும் புத்தகங்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. அவர்களுக்குப் பதவி இல்லை, நீண்ட காலம் வாக்குரிமைகூட இல்லை, ஆனாலும் திரைக்குப் பின்னால் நாட்டை நகர்த்தினார்கள் என்று. பாதி உண்மை. வீடு அரசியலுக்கு வெளியே இருக்கும் இடம் என்று நம்பினால்தான் அது முழு உண்மையாகத் தெரியும். நமக்கு அந்த நம்பிக்கை கிடையாது. சாதி குடியிருக்கும் இடமே வீடுதான்.

முதல் அதிபரின் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

மார்த்தா வாஷிங்டன் ஒரு பெரும் பண்ணையாரின் விதவையாக இருந்து ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தவர். முதல் கணவர் உயில் எழுதாமல் இறந்ததால் அவருடைய அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கு மார்த்தாவின் ஆயுள்கால அனுபோகத்துக்கு வந்தது. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் அதே கணக்கில் சேர்ந்தார்கள். 1799இல் மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த 317 அடிமைகளில் 153 பேர் இந்த வழியில் வந்தவர்கள். வாஷிங்டனுக்கே சொந்தமானவர்கள் 123 பேர்தான். நாட்டின் தந்தை என்று கொண்டாடப்படுபவரின் செல்வாக்குக்கு அடியில் மனைவி கொண்டுவந்த மனிதர்கள் கிடந்தார்கள்.

அந்த 153 பேரின் வரிசையில் பிறந்தவர்தான் ஓனா ஜட்ஜ். அவருடைய தாய் பெட்டி தையல் வேலை செய்த அடிமை. தந்தை இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைத் தையல்காரர். தாயிடமிருந்து ஓனாவுக்கு ஊசியும் வந்தது, அடிமைத்தனமும் வந்தது. தொழிலும் பிறப்பும் ஒன்றாகக் கைமாறுவது எப்படி என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்த்தாவுக்கு உடை உடுத்தி, தலைவாரி, துணி தைத்து, அவர் போகும் விருந்துகளுக்குக் கூடவே போய் நிற்பது ஓனாவின் வேலை. 1789இல் வாஷிங்டன் அதிபரானபோது, பதினாறு வயதையொட்டிய அந்தப் பெண்ணை நியூயார்க்குக்கும் மறு ஆண்டு பிலடெல்பியாவுக்கும் கூட்டிப்போனார்கள்.

பிலடெல்பியாவில் ஒரு சிக்கல் இருந்தது. பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநிலத்தார் கொண்டுவரும் அடிமைகள் தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். வாஷிங்டன் தம்பதி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஆறு மாதம் முடிவதற்குள் அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே ஒரு நடை அனுப்பி, திரும்பக் கூட்டிவந்து, கணக்கை முதலிலிருந்து தொடங்குவது. 1791 ஏப்ரலில் வாஷிங்டன் தன் செயலாளருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அடிமைகளுக்கும் பொதுமக்களுக்கும் விஷயம் தெரியாதபடி ஏதாவது சாக்கு சொல்லி இதைச் செய்ய வேண்டும், திருமதி வாஷிங்டனின் வர்ஜீனியாப் பயணத்தைவிடப் பொருத்தமான சாக்கு கிடையாது, இது உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்கிறார். அதிபரின் மனைவிக்கு அரசியலில் என்ன பங்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கடிதம் போதும். ஒரு மாநிலத்தின் சட்டத்தை ஏமாற்ற, அம்மா ஊருக்குப் போகிறார் என்பதே கருவியானது.

1796இல் ஓனாவுக்கு ஒரு செய்தி தெரிந்தது. மார்த்தாவின் பேத்தி எலைசாவுக்குத் திருமணமாகியிருந்தது, தன்னை அந்தப் பேத்திக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று. பட்டுப்புடவை, வெள்ளிப் பாத்திரம் போல ஒரு மனுஷி. மே 21, வர்ஜீனியாவுக்குக் கிளம்ப வீடே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஓனாவும் தன் பொருட்களைக் கட்டி, நகரத்தில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின நண்பர்களின் வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார். வாஷிங்டன் குடும்பம் உணவு மேசையில் உட்கார்ந்திருந்தபோது வெளியே நடந்தார். பிறகு கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தார்.

மூன்று நாளில் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. பிடித்துத் தந்தால் 10 டாலர். ஓடிப்போகும்படி அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லையே என்ற தொனியும் அதில் இருந்தது. அதன்பின் நாட்டின் அதிபர் தன் கருவூலச் செயலாளருக்கு எழுத, அவர் போர்ட்ஸ்மவுத்தின் சுங்க அதிகாரி ஜோசஃப் விப்பிளுக்கு எழுத, ஒரு தையல்காரப் பெண்ணைத் தேடி அரசு இயந்திரம் நகர்ந்தது. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் மயக்கிக் கூட்டிப் போயிருக்க வேண்டும் என்பது வாஷிங்டனின் ஊகம். ‘நாடகக் காதல்’ என்ற சொல் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

விப்பிள் ஓனாவைச் சந்தித்துப் பேசினார். மயக்கமும் இல்லை, பிரெஞ்சுக்காரனும் இல்லை, விடுதலை வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். எஜமானர்கள் காலத்துக்குப் பின் விடுதலை உறுதி என்றால் திரும்பலாம் என ஒரு பேச்சும் நடந்தது. வாஷிங்டன் மறுத்துவிட்டார். அடிமையோடு பேரம் பேசுவது விசுவாசமின்மைக்குப் பரிசு தருவதாகும் என்றார். அந்தத் தேடலுக்கான கடிதங்களில்தான் அந்த வாதமும் வருகிறது: இந்தப் பெண்ணை என் மனைவி வேலைக்காரியாக நடத்தவில்லை, பிள்ளை மாதிரி வளர்த்தார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தஞ்சைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் என் பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். அந்த வீட்டு அம்மா ஊருக்கெல்லாம் சொல்வாராம்: “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான் வெச்சிருக்கோம்.” காபி கொல்லைப்புறத்தில், கொட்டாங்கச்சியில். பாட்டி வேலையை விட்டு நின்றபோது அந்த அம்மாவுக்கு வந்த கோபம், ஒரு வேலையாள் போனதற்கான கோபமில்லை. நன்றி கெட்டவள் என்ற கோபம். பாசம் என்று அவர்கள் நினைத்தது உடைமை என்பது, நாம் வெளியே நடக்கும்போதுதான் அவர்களுக்கே தெரிகிறது.

அடிமைமுறையும் சாதியும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் மரபில் பழையது. ஜோதிராவ் புலே 1873இல் தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

ஓனா போன பிறகு என்ன நடந்தது? பேத்திக்கு வாக்களித்த பரிசு நிற்கவில்லை. ஓனாவின் தங்கை டெல்ஃபியைக் கொடுத்தார்கள். 1799இல் மார்த்தாவின் உறவினர் பர்வெல் பாசெட் போர்ட்ஸ்மவுத் வரை போய் ஓனாவை அழைத்தார். அப்போது ஓனா ஒரு மாலுமியை மணந்து, கைக்குழந்தையோடு இருந்தார். வர மறுத்தார். பலவந்தமாகத் தூக்கும் திட்டம் இருப்பது தெரிந்ததும் தப்பினார். சட்டத்தின் கண்ணில் 1848இல் சாகும்வரை அவர் ‘ஓடிப்போனவர்’தான். அவருடைய பிள்ளைகளும் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்துதான். வறுமையில் வாழ்ந்தார், பிள்ளைகளைத் தனக்கு முன்பே பறிகொடுத்தார். 1840களில் அடிமை ஒழிப்புப் பத்திரிகைகள் அவரைச் சந்தித்து, அங்கேயே இருந்திருக்கலாமே என்று வருந்துகிறீர்களா எனக் கேட்டன. இல்லை என்றார். வாசிக்கவே இங்கே வந்துதான் கற்றேன், அதிபர் வீட்டில் யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மார்த்தாவைக் காப்பாற்ற ஒரு வாதம் தயாராக இருக்கிறது. அந்த 153 பேரை விடுவிக்கச் சட்டப்படி அவருக்கோ கணவருக்கோ அதிகாரமில்லை, அவரும் ஆணாதிக்கச் சட்டத்தில் அகப்பட்ட பெண்தானே என்பார்கள். சட்டம் அப்படித்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலிஷ் என்ற ஒருவர் மார்த்தாவின் முழுச் சொத்தாக இருந்தார். அவரை விடுவிக்க எந்தத் தடையும் இல்லை. உயிலில் பேரனுக்கு எழுதிவைத்தார். கணவர் தன் அடிமைகளை, மனைவியின் மரணத்துக்குப் பின் விடுவிக்கும்படி எழுதியிருந்தார். மார்த்தா அவர்களை முன்கூட்டியே, 1801 ஜனவரியில் விடுவித்தது கருணையினால் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்போது அங்கே போய்வந்த இரண்டாம் அதிபரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் தன் அக்காவுக்கு எழுதிய கடிதம் வேறு மாதிரி சொல்கிறது. தான் செத்தால்தான் விடுதலை என்று காத்திருக்கும் மனிதர்கள் நடுவே வாழ மார்த்தாவுக்குப் பயமாக இருந்ததாம். ‘பிள்ளை மாதிரி’ வளர்த்தவருக்கு வந்த பயம்.

அறுபது ஆண்டு தாண்டி இன்னொரு தையல்காரரைப் பார்க்கலாம். எலிசபெத் கெக்லி அடிமையாகப் பிறந்து, 1855இல் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மகனையும் மீட்டுக்கொண்டவர். 1861இல் மேரி லிங்கனின் உடைகளைத் தைக்கத் தொடங்கி, நெருங்கிய துணையாகவும் ஆனார். உள்நாட்டுப் போரில் தப்பி வாஷிங்டன் நகரத்தில் குவிந்த கறுப்பின மக்களுக்காக 1862இல் ஒரு நிவாரணச் சங்கம் தொடங்கினார். மேரி லிங்கனிடம் கேட்டார், மேரி கணவருக்கு எழுதி 200 டாலர் தரச் செய்தார். அதிபரின் மனைவியின் செல்வாக்கு என்கிறோமே, இங்கே அதைச் செலுத்தியவர் யார்? 1868இல் கெக்லி தன் வாழ்க்கையையும் வெள்ளை மாளிகை நாட்களையும் புத்தகமாக எழுதியபோது உறவு முறிந்தது. பத்திரிகைகள் பாய்ந்தன. வீட்டுக்குள் பார்த்ததை வேலைக்காரி வெளியே சொல்லலாமா என்று கேட்டார்கள். தைக்கலாம், துக்கத்தில் கைபிடித்து உட்கார்ந்திருக்கலாம், எழுதக் கூடாது. கெக்லி 1907இல் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் இறந்தார்.

சரி, எலினார்? அவரை இந்த வரிசையில் வைப்பது அநியாயம் என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கைத் தர மறுத்த அமைப்பிலிருந்து விலகினார். அந்த ஏப்ரலில் லிங்கன் நினைவிடத்தின் முன் 75,000 பேர் கூடி ஆண்டர்சனைக் கேட்டார்கள். கும்பல் கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்காகக் கறுப்பினத் தலைவர் வால்டர் வைட்டைக் கணவரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். தென்மாநில செனட்டர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று அதிபர் கைவிரித்தார். அதற்கு மேல் மனைவியால் எதுவும் செய்ய முடியவில்லை. அப்படியொரு கூட்டாட்சிச் சட்டம் வர 2022 ஆக வேண்டியிருந்தது.

1941இல் நடந்ததுதான் இன்னும் முக்கியம். ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினச் சேவகர்களின் சங்கத்தைக் கட்டியவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப். முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயரால் அந்தத் தொழிலாளர் எல்லோரையும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிடுவார்கள். ‘டேய்’ போல ஒரு பெயர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை கொடு, இல்லாவிட்டால் லட்சம் பேரோடு தலைநகருக்கு வருகிறோம் என்றார் ராண்டால்ஃப். அதிபர் எலினாரை அனுப்பினார், பேரணியைக் கைவிடச் சொல்லிக் கேட்க. எலினார் நல்லெண்ணத்தோடுதான் போனார், கலவரம் வரும் என்று பயந்தார். ராண்டால்ஃப் இணங்கவில்லை. ஜூன் 25 அன்று, பாதுகாப்புத் தொழில்களில் பாகுபாட்டைத் தடைசெய்து அதிபரின் ஆணை வந்தது. நம் தோழியாக இருந்தவரின் செல்வாக்கு அந்த முறை நம் பக்கம் வேலை செய்யவில்லை. சேவகர்களின் சங்கம் வேலை செய்தது.

மிஷெல் ஒபாமாவை விட்டுவிட்டால் இளையவர்கள் என்னை விடமாட்டீர்கள். 2016இல் அவர் மேடையில், அடிமைகள் கட்டிய வீட்டில் தினமும் கண்விழிப்பதாகச் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். அவருடைய மூதாதையரில் ஒருவர் மெல்வினியா. 1850இல் எஜமானரின் சொத்துப் பட்டியலில் அந்த ஆறு வயதுச் சிறுமியின் மதிப்பு 475 டாலர். இந்த வம்சத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டின் தலைவியானது சின்ன விஷயமில்லை. அதே சமயம், அவர் வந்ததும் ஊடகங்கள் முதலில் அளந்தது அவருடைய கைகளையும் உடைகளையும்தான்.

பிலடெல்பியாவில் வாஷிங்டன் தம்பதி வாழ்ந்த வீடு எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. 2000களின் தொடக்கத்தில் பக்கத்தில் விடுதலை மணிக்குப் புது மண்டபம் கட்டினார்கள். அதன் வாசலை ஒட்டித்தான் அடிமைகள் தங்கிய இடம் இருந்தது. அதைச் சொல்லாமலேயே திறக்கப் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள், ஆண்டுக்கணக்கில் விடவில்லை. 2010இல் அந்த வீட்டிருந்த இடத்தில் நினைவிடம் வந்தது. அதிபர் வீட்டில் உழைத்த ஒன்பது அடிமைகளின் பெயர்களைக் கல்லில் பொறித்தார்கள். ஓனாவின் பெயர் இருக்கிறது. அவருடைய அண்ணன் ஆஸ்டினின் பெயர் இருக்கிறது. அவருக்குப் பதிலாகப் பரிசாகப் போன டெல்ஃபியின் பெயர் அதில் இல்லை.