ஓட்டு வீடு ஒழுகுகிறது... நாமே ஏறலாமா, ஆசாரியைக் கூப்பிடலாமா?

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 40 வருடத்துச் சீமை ஓட்டு வீடு. போன ஐப்பசி மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகியது. ஆசாரி வந்து பார்த்து, 'மொத்தமும் பிரித்துத்தான் மேயணும்' என்கிறார். 62 வயதுக் கணவரோ, 'அந்தக் காசுக்கு ஒரு கிடேரி பிடிக்கலாம், நானே ஏறிக்கிறேன்' என்று ஏணியைத் தேடுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஒழுக்குக்குக் காரணம் ஓடா, மரமா என்று முதலில் தெரிய வேண்டும். இதற்குக் கூரைமேல் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாசலில் தள்ளி நின்று மோட்டு வரிசையைப் பார்க்கவும். நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தால் நல்லது. நடுவில் தொய்ந்திருந்தால் கைமரமோ விட்டமோ இறங்கியிருக்கிறது. அடுத்து, கைமரம் சுவரில் உட்காரும் இடத்தையும் இறவாரத்து முனையையும் ஒரு திருப்புளியால் குத்திப் பார்க்கவும். மரம் உளுப்பதும் கரையான் ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். முனை உள்ளே இறங்கினாலோ, மண் வரி தெரிந்தாலோ அது ஆசாரி வேலை. பத்துக்குப் பத்து அறையின் மேல் ஏறக்குறைய 150 ஓடு கிடக்கும். ஓடு ஒன்று இரண்டு கிலோவுக்குக் குறையாது. செல் அரித்த மரத்தில் அவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு ஓட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு, ஆபத்தும்கூட.

மரம் கெட்டியாக இருக்கிறதா? அப்படியானால் பிரித்து மேய வேண்டியதில்லை. உச்சி வெயிலில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், விரிந்த ஓடு கோடாகவும் நகர்ந்த ஓடு பிறைபோலவும் வெளிச்சம் காட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நீர் கைமரத்தை ஒட்டியே ஓடி வந்து கீழே சொட்டும். அதனால் ஏற்றத்தில் இரண்டு மூன்று வரிசை தள்ளியும் தேட வேண்டும்.

மச்சு அடிக்காத வீடாக இருந்தால், உள்ளிருந்தே ஓட்டை மாற்றலாம். உறுதியான மேசை, அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் போதும். மேல் வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவி எடுத்து, புதியதைச் செருகி, அடியிலுள்ள குமிழ் ரீப்பரைக் கவ்வியதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கைவிடுவதற்கு முன் தேளும் கதண்டும் இருக்கிறதா என்று கவனிக்கவும். ரீப்பரை ஒட்டி ஒயர் ஓடினால் மெயினை அணைத்துவிட வேண்டும்.

புது ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி பள்ளமும் விளிம்பும் மாறும், ஒன்றோடொன்று கவ்வாது. பெரும்பாலும் ஓட்டிலேயே கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் அதே ஓடு கிடைக்கலாம். விரலால் சுண்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் விரிசல். விரிசலுக்குச் சிமென்ட் பூசுவது அடுத்த கோடை வரைக்கும்தான் நிற்கும்.

எந்த ஓடும் உடையாமல் ஒழுகினால், சருகு அடைத்துப் பள்ளத்தில் நீர் தேங்கி எதிர்த்து ஏறுகிறது என்று அர்த்தம். தென்னையோ வேம்போ கூரைமேல் சாய்ந்த வீடுகளில் இது சகஜம். இறவாரத்துப் பக்கம் ஏணியில் நின்று நீள விளக்குமாற்றால் எட்டும் வரை தள்ளிவிடலாம்.

ஆனால், மோட்டு ஓட்டுச் சாந்து விட்டிருந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். பாசி பிடித்த ஓட்டில் உச்சிவரை ஏறுவது 62 வயதுக்காரர் வேலை இல்லை, 26 வயதுக்காரருக்கும் பழக்கம் வேண்டும். அந்த ஒரு நாள் கூலியில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

ஆசாரி மறுபடி வந்தால், எந்தக் கைமரம் கெட்டது என்று குத்திக் காட்டச் சொல்லவும். மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கவும். மொத்தமும் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் அது சித்திரை, வைகாசியில் செய்யும் வேலை. மழை நெருங்கும்போது கூரையைத் திறந்துபோடக் கூடாது. கெட்ட கைமரத்துக்கு இப்போது ஒரு முட்டுக் கொடுக்கச் சொல்லி, அந்த அறையில் படுப்பதைத் தவிர்க்கலாம்.

மாட்டுக்கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் ஒழுகுவதாக அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன்மேல் யாரும் ஏறக் கூடாது. பழைய ஷீட் சத்தமில்லாமல் உடையும், ஆள் நேராகத் தரையில் விழுவார். அறுப்பதோ துளைப்பதோ செய்தால் பறக்கும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பழகிய ஆட்கள் பலகை போட்டுச் செய்யட்டும். அதுவரை ஒழுகும் பக்கம் இருக்கும் மாட்டை இடம் மாற்றிக் கட்டவும்.